கோத்ததும் கோர்த்ததும்: பேச்சிலிருந்து தொடங்கும் மொழியியல்

காஞ்சிபுரம் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக இருந்தால், இரண்டையும் தறியிலேயே பிணைத்து நெய்யும் முறைக்குக் கோர்வை என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒன்றாக இரண்டு நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடை கரையின் ஊடையோடு ஒவ்வொரு வரிசையிலும் மாட்டிக்கொள்ளும். நெசவாளர் தறியில் அமர்ந்திருக்க, பக்கத்தில் உதவியாள் ஒருவர் இருந்து ஒரு கரையின் நாடாவைப் போட்டுக் கொடுப்பது இந்த வேலையின் பழைய ஏற்பாடு. புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று ஊரார் பெருமையாகச் சொல்வது இந்தப் பிணைப்பை நினைத்துத்தான்.

பள்ளி இலக்கணத்தின்படி இந்தப் பெயர் பிழை. வினை ‘கோ’ என்பது; கோத்தாள், கோக்கிறாள், கோப்பாள், கோவை என்பவையே அதற்குரிய வடிவங்கள். ‘கோர்த்தாள்’, ‘கோர்வை’ ஆகியவற்றில் உள்ள ரகர மெய் வேண்டாத வரவு என்று தமிழாசிரியர்கள் சிவப்பு மையால் அடிப்பார்கள். ஆனால் காஞ்சியின் கடைத்தெருவில் ‘கோவைப் புடவை’ என்று கேட்டால் கோயம்புத்தூரிலிருந்து வந்த புடவை என்றுதான் பொருள்படும். தொழிலின் சொல் கோர்வையே.

இங்கே இரண்டு கேள்விகள் எழலாம். எது சரி என்பது ஒன்று. அந்த ரகரம் எங்கிருந்து வந்தது என்பது மற்றொன்று. முதல் கேள்வி மொழியை ஒழுங்குபடுத்துவோருக்கு உரியது. பாடநூலுக்கும் செய்தித்தாளுக்கும் அரசாணைக்கும் ஒரு பொது வடிவம் தேவை என்பதால் அதற்கும் இடம் உண்டு. மொழியியல் கேட்பது இரண்டாவது கேள்வியை. மனிதர் பேசும் மொழி எப்படி இருக்கிறதோ அப்படியே அதை எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பையும், அது மாறும் வழியையும், அது மனத்திலும் சமூகத்திலும் இயங்கும் முறையையும் ஆராய்வதே மொழியியல். ‘கோர்வை’ பிழையாகவே இருந்தாலும், ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்றால் அதன் அடியில் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியைக் காண்பதற்குத் தேவையான படிகள் ஒலி, சொல், தொடர், பொருள், வழக்கு, வரலாறு என்னும் வரிசையில் அமைகின்றன. மொழியியலின் முதலாண்டுப் பாடமும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

முதலில் நீக்க வேண்டிய மயக்கம், எழுத்தே மொழி என்னும் எண்ணம். குழந்தை பேசத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்தே எழுதக் கற்கிறது. எழுத்தே இல்லாத மொழிகள் உலகில் ஏராளம். அவற்றின் இலக்கணம் எழுத்துள்ள மொழியின் இலக்கணத்தைவிட எளியதாக இருப்பதில்லை. தமிழின் எழுத்து வரலாறே இதற்குச் சான்று. பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. படிப்பவர் மெய்யையும் உயிர்மெய்யையும் இடம் நோக்கிப் பிரித்தறிந்தார். எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாட்டை இன்றுள்ள வடிவில் காட்டியவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். 1978-இல் தமிழக அரசின் ஆணையால் ணை, லை, னை போன்ற எழுத்துகளின் உருவம் மாறியது. இவற்றில் எந்த மாற்றத்தாலும் ஒருவருடைய பேச்சில் ஓர் ஒலிகூட மாறவில்லை. எழுத்து மொழிக்கு உடுத்திய ஆடை. ஆடையை மட்டும் பார்த்து உடலின் அளவைச் சொல்ல முடியாது.

தமிழ் நெடுங்கணக்கு இந்த வகையில் மிகவும் படிப்பினை தருவது. காஞ்சிக்குக் கச்சி என்பது இன்னொரு பழம்பெயர். கச்சி, காஞ்சி என்னும் இரண்டிலும் இருப்பது ஒரே சகர எழுத்து. வாயிலிருந்து வருவதோ இரண்டு ஒலிகள். இரட்டித்து நிற்கும்போது அது வல்லொலி. ஞகரத்தின் பின் நிற்கும்போது குரல்நாண்கள் அதிர ஜகரமாக ஒலிக்கிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவே ‘பசி’, ‘காசு’ என வரும்போது அதுவே ஸகரம் போல் உரசி வருகிறது. ஆங்கிலேயர் இந்த ஊரைக் ‘கான்ஜீவரம்’ என்று எழுதினார்கள். ஊர்ப்பெயரைச் சிதைத்துவிட்டார்கள் என்று அதைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் அந்த ஜகரம் காதால் கேட்டு எழுதியது; ‘புரம்’ என்பதன் பகரம் உயிர்களுக்கிடையே இளகி வகரத்தை நெருங்கியதையும் அந்த எழுத்துக்கூட்டல் பதிந்து வைத்திருக்கிறது. தமிழ் எழுத்தைப் பார்த்து எழுதியிருந்தால் இந்தச் செய்தி கிடைத்திருக்காது.

இதே ஒழுங்கு மற்ற வல்லினங்களிலும் உண்டு. ‘பட்டு’ என்பதன் முதல் பகரமும் ‘கப்பல்’ என்பதன் இரட்டைப் பகரமும் அதிர்வற்றவை. ‘ஏகம்பம்’ என்பதில் மகரத்தின் பின் வரும் பகரம் அதிர்வுள்ளது. ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வராது. இத்தகைய பகிர்வைத் துணைநிலை வழக்கு என்பர். துணைநிலை வழக்கில் உள்ள ஒலிகள் பொருளை வேறுபடுத்துவதில்லை. பேசுவோர் மனத்தில் அவை ஒன்றாகவே பதிந்திருக்கின்றன. மனத்தில் உள்ள அந்த ஓர் அலகை ஒலியன் என்றும், இடத்துக்கேற்ப அது எடுக்கும் வடிவங்களை மாற்றொலிகள் என்றும் மொழியியல் அழைக்கிறது. ராபர்ட் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் வல்லொலியும் அதன் அதிர்வொலியும் இடம் நோக்கி மாறும் இந்த நியதியைத் தனியே எடுத்து விளக்கினார். ஒலியன் என்னும் கருத்து ஐரோப்பிய மொழியியலில் உருப்பெறுவதற்கு முன்பே, தமிழின் எழுத்து முறை அவரை அந்த வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது.

எந்த ஒலிகள் பொருளை வேறுபடுத்துகின்றன என்பதைக் காணக் குறைந்தபட்ச இணைகள் உதவும். கல், பல் என்னும் இரண்டும் ஓர் ஒலியால் மட்டுமே வேறுபடுகின்றன. ஆகவே ககரமும் பகரமும் தனித்தனி ஒலியன்கள். வலி, வழி, வளி என்னும் மூன்றும் அவ்வாறே. ஆனால் இன்றைய பேச்சில் இந்தக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. இரக்கக் குறிப்பாக ‘பாவம்’ என்று சொல்லும்போது முதல் ஒலி அதிர்வற்றது. நாட்டிய மேடையில் முகத்தின் ‘பாவம்’ என்று சொல்லும்போது, வடமொழி அறிந்தோரும் அறியாதோரும் பெரும்பாலும் அதிர்வுள்ள ஒலியையே சொல்கிறார்கள். எழுத்து ஒன்று, சொற்கள் இரண்டு, ஒலியும் இரண்டு. ‘பஸ்’, ‘பில்’ முதலியவற்றை அன்றாடம் சொல்லும் ஒருவருக்கு அதிர்வுள்ள பகரம் சொல்முதலில் வரக்கூடாத ஒலி அன்று. கடன்சொற்கள் வழியாக மாற்றொலி ஒன்று ஒலியனாக உயர்வது மொழிகளில் அடிக்கடி நிகழ்வது. இது தமிழில் நம் கண்ணெதிரே நடக்கிறது.

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் இந்த வேறுபாட்டை எவ்வளவு நுட்பமாக அணுகியது என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. முதலெழுத்து 30, சார்பெழுத்து 3 என அது பகுத்தது. நெஞ்சு, மிடறு, தலை, நா, பல், இதழ், மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களைக் கொண்டு ஒலிப்பிறப்பை விளக்கியது. ‘பட்டு’ என்பதன் ஈற்று உகரமும் ‘பசு’ என்பதன் ஈற்று உகரமும் எழுத்தில் ஒன்றே. முன்னது குறுகி ஒலிக்கும் குற்றியலுகரம், பின்னது முற்றியலுகரம். இந்தப் பாகுபாடு வெறும் காதுக் கணக்கு அன்று: ‘ஐ’ சேர்ந்தால் பட்டு ‘பட்டை’ என்றாகிறது, பசு ‘பசுவை’ என்றாகிறது. ஒன்றில் உகரம் கெடுகிறது. மற்றொன்றில் அது நின்று வகர உடம்படுமெய் பெறுகிறது. ஒலியின் தன்மையை அதன் நடத்தையைக் கொண்டு அறிவது இன்றைய ஒலியனியலின் வழியும் ஆகும். சார்பெழுத்து என்பதை அப்படியே மாற்றொலி என்று மொழிபெயர்ப்பது பிழை, நோக்கங்கள் வேறு. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர் இரண்டையும் நன்றாக அறிவார்.

ஒலிவிதி ஒன்றைத் தாமே கண்டுபிடிக்க விரும்புவோருக்குப் புடவைக்கடையைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் அரிது. எழுத்தில் புடவை, பேச்சில் பொடவ. விலை ‘வெல’ ஆகிறது, நிறம் ‘நெறம்’, இழை ‘எழ’, சிவப்பு ‘செவப்பு’. ஆனால் துணி துணியாகவே இருக்கிறது. கிளிப்பச்சையின் ‘கிளி’ மாறுவதில்லை. முந்தி, பின்னல், குப்பை ஆகியவற்றின் முதல் உயிரும் மாறுவதில்லை. முதலில் இவை தாறுமாறாகத் தோன்றும். அடுத்த அசையைப் பார்த்தால் ஒழுங்கு தெரியும். முதலசையில் உள்ள இகரம், உகரம் ஆகியவற்றுக்குப் பின் ஒற்றை மெய்யும், அதன்பின் அகரமோ ஐகாரமோ வந்தால், இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் கீழிறங்குகின்றன. துணி, கிளி என்பவற்றில் அடுத்த உயிர் இகரம்; ஆகவே மாற்றமில்லை. பின்னல், குப்பை என்பவற்றில் அடுத்த உயிர் பொருத்தமாக இருந்தும் நடுவே இரட்டை மெய் நின்று தடுக்கிறது. பிழைப்பு என்பது ‘பொழப்பு’ ஆவதில் இரண்டு விதிகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன: முதலில் இகரம் எகரமாகிறது, பிறகு இதழொலிக்கும் நாவளை ஒலிக்கும் இடையே அகப்பட்ட எகரம் இதழ் குவிந்து ஒகரமாகிறது. பெண் ‘பொண்ணு’ ஆவதும் பெட்டி ‘பொட்டி’ ஆவதும் இந்த இரண்டாம் விதியால்தான்.

இந்த உயிர் மாற்றம் நேற்றைய சோம்பலால் வந்ததன்று. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தென்திராவிட மொழிகளின் பழைய நிலையிலேயே அகரத்துக்கு முன் இகர எகர வேறுபாடும் உகர ஒகர வேறுபாடும் மயங்கிவிட்டன என்று காட்டினார். தமிழ் எழுத்து வழக்கு ‘இலை’ என்கிறது. கன்னடம் ‘எலெ’ என்கிறது. தமிழ்ப் பேச்சும் ‘எல’ என்கிறது. ‘பொடவ’ என்று சொல்லும் காஞ்சி மூதாட்டியின் வாயில் கொச்சை இல்லை. மிகப் பழைய ஒரு போக்கின் தொடர்ச்சி இருக்கிறது.

அடுத்த படி சொல். சொல்லைப் பகுத்தால் கிடைக்கும் பொருளுள்ள மிகச்சிறு அலகு உருபன். ‘நெய்தாள்’ என்பதில் நெய் என்னும் வேர், த் என்னும் இறந்தகாலம், ஆள் என்னும் பெண்பால் ஒருமை விகுதி என மூன்று உருபன்கள். கோத்தாள் என்பதில் இறந்தகாலம் ‘த்த்’ ஆகிறது. முடிந்தாள் என்பதில் ‘ந்த்’. ஓட்டினாள் என்பதில் ‘இன்’. பொருள் ஒன்றாக, வடிவம் மட்டும் வேறுபடும் இவை மாற்றுருபுகள். எந்த வினை எந்த மாற்றுருபை எடுக்கும் என்பதைத் தமிழ் பேசுவோர் எவரும் பட்டியலிட்டுக் கற்பதில்லை. கேட்ட வடிவங்களிலிருந்து கேளாத வடிவங்களை ஊகிக்கும் ஆற்றல் மனித மனத்தில் இருக்கிறது. அந்த ஊகம்தான் ‘கோர்வை’யின் ரகரத்துக்கும் காரணம்.

பேச்சுத் தமிழில் இரட்டை வல்லினத்துக்கு முன் ரகர மெய் மறைகிறது: பார்த்தாள் ‘பாத்தா’, சேர்த்தாள் ‘சேத்தா’, வளர்த்தாள் ‘வளத்தா’. ஆகவே ‘பாத்தா’ என்று பேசும் ஒருவர் எழுதும்போது ‘பார்த்தாள்’ என்று ரகரத்தைத் திரும்பச் சேர்க்கக் கற்றிருக்கிறார். இந்தப் பழக்கத்தோடு அவர் ‘கோத்தா’ என்னும் பேச்சு வடிவத்தைச் சந்திக்கிறார். இதிலும் ஒரு ரகரம் மறைந்திருக்க வேண்டும் என்று மனம் கணக்கிடுகிறது. விளைவு: கோர்த்தாள். இல்லாததை மீட்கும் இந்தச் செயலை மிகைத்திருத்தம் என்பர். ரகரம் ஒருமுறை உள்ளே வந்தபின், அது வினையோடு நிற்பதில்லை. பார் என்பதற்குப் பார்வை, போர் என்பதற்குப் போர்வை, சேர் என்பதற்குச் சேர்வை இருக்கின்றன. பாத்தாவுக்குப் பார்வை எப்படியோ அப்படியே கோத்தாவுக்குக் கோர்வை. நான்கு உறுப்புள்ள இந்தச் சமன்பாடு ஒப்புமையாக்கம் எனப்படும். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் பவுல் 1880-இல் வெளிவந்த தம் நூலில் மொழி மாற்றத்தின் பெரும் விசைகளுள் ஒன்றாக இதை நிறுவினார்.

ஒரு தடை எழலாம். கா, பூ என்னும் வினைகளும் கோ போன்றவையே. காத்தாள், பூத்தது என்கிறோம். அவற்றில் ஏன் எவரும் ‘கார்த்தாள்’, ‘பூர்த்தது’ என்று எழுதுவதில்லை? பூ என்னும் பெயர்ச்சொல் ஒவ்வொரு நாளும் வாயில் புழங்குகிறது. காவல், காப்பு என்பவையும் அவ்வாறே. வேரின் உண்மையான உருவத்தை இந்தச் சொற்கள் நினைவில் காத்து நிற்கின்றன. ‘கோ’வுக்கு அத்தகைய காவலில்லை. தனித்து நிற்கும் ‘கோ’ அரசன் என்றும் பசு என்றும் பொருள்படும். கோக்கும் தொழிலை அது நினைவூட்டுவதில்லை. துணையற்ற வேரைப் பெருந்தொகையான ‘ர்’ வேர்கள் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. அடிக்கடி வழங்கும் வடிவம் ஒப்புமைக்கு அடங்காமல் நிற்கும், அரிதாக வழங்குவது அடங்கிவிடும் என்பது பல மொழிகளிலும் காணப்படும் போக்கு. ஒரு தறிச்சொல்லின் உள்ளே இவ்வளவு கணக்கு நடந்திருக்கிறது. அதைப் பிழை என்று மட்டும் சொல்லி அடித்துவிட்டால் இழப்பு பெரிது.

தொடரியலுக்குத் தமிழ் தரும் மிக அழகிய பொருள் பெயரெச்சம். நெய்த பெண், நெய்த புடவை, நெய்த தறி, நெய்த ஊர், நெய்த நாள், நெய்த நெசவு ஆகிய ஆறிலும் எச்சம் ஒன்றே. ஆனால் பெண் வினை செய்தவள், புடவை செயப்பட்ட பொருள், தறி கருவி, ஊர் இடம், நாள் காலம், நெசவு அந்தச் செயலே. பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவைக் காட்ட ஓர் உருபும் இல்லை. கேட்பவர் சொல்லின் பொருளையும் உலகறிவையும் கொண்டு உறவை நிரப்பிக்கொள்கிறார். நன்னூல் இந்த ஆறு உறவுகளையும் வரையறுத்திருக்கிறது. 1977-இல் எட்வர்ட் கீனனும் பெர்னார்ட் காம்ரியும் உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு, பெயரை விளக்கும் இத்தகைய தொடர்களில் எந்த உறவு எளிதில் இடம்பெறும், எது அரிதில் இடம்பெறும் என்பதற்கு ஒரு படிநிலை உண்டு என்று காட்டினார்கள். எழுவாய் எல்லாவற்றிலும் எளிது, பிறகு செயப்படுபொருள், மற்றவை அதன் கீழ். நன்னூலின் ஆசிரியர் பவணந்தி முனிவரின் பட்டியலை வைத்துக்கொண்டு இந்தப் படிநிலையைப் படிக்கும் மாணவருக்கு ஒரு நல்ல கேள்வி எழும்: ‘புடவை எடுத்த கடை’ இயல்பாக வருகிறது, ‘பெண் அழகான வீடு’ ஏன் வரவில்லை? எச்சத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை இத்தகைய வராத தொடர்களே காட்டும். வரும் தொடர்களை மட்டும் திரட்டிய இலக்கணம் பாதி இலக்கணமே.

பொருளியலைச் சுருக்கமாகக் காணலாம். நெய்யும் தொழிலைக் குறிக்கும் நெய்யும், சோற்றில் விடும் நெய்யும் ஒலியால் ஒன்றானாலும் பொருளால் தொடர்பற்றவை. இவை ஒப்புருச் சொற்கள். இழையும் ஏடும் நூல் எனப்படுவதோ வேறு வகை. இழை நூற்பதையும் நூல் இயற்றுவதையும் ஒப்பிட்டு நன்னூல் பாயிரம் விளக்கம் தருவதால், ஒரே சொல்லின் இரு பொருள்களாக அவற்றைத் தமிழ் மரபே கண்டிருக்கிறது. நிறப்பெயர்கள் இன்னொரு களம். கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை எந்தப் பொருளையும் சாராமல் நிறத்தைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள். அரக்கு, மயில்கழுத்து, வாடாமல்லி, கத்தரிப்பூ, கிளிப்பச்சை ஆகியவை பொருளிலிருந்து பிறந்தவை. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். ப்ளூ ஒரு மனிதரிலிருந்து பிறந்த நிறம். அடிப்படை நிறச்சொற்கள் மொழிகளில் ஏறத்தாழ ஒரே வரிசையில் தோன்றுகின்றன என்று பெர்லினும் கேயும் 1969-இல் வாதிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த வரிசையைத் திருத்தியிருக்கின்றன.

இதுவரை ‘தமிழ்’ என்று ஒருமையில் சொல்லப்பட்டது வசதிக்காக மட்டுமே. ‘வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதைத் தாய்மொழியாகப் பேசும் வீடு தமிழ்நாட்டில் இல்லை. தெற்கே ‘வேல செஞ்சிக்கிட்டிருக்காங்க’. காஞ்சி, வேலூர், சென்னை வட்டாரத்தில் ‘செஞ்சிக்கினு இருக்காங்க’. எழுத்து வடிவம் பள்ளியில் கற்றுக்கொள்வது. பேச்சு வடிவம் தாய்மடியில் வருவது. இரண்டும் ஒரே சமூகத்தில் தனித்தனி வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த நிலைக்கு இரட்டை வழக்கு என்று பெயர். சார்லஸ் பெர்கூசன் 1959-இல் அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் ஆகிய நான்கை வைத்து இதை வரையறுத்தார். அடுத்த ஆண்டே மு. சண்முகம் பிள்ளை தமிழின் எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிட்டு எழுதினார். 1986-இல் பிரான்சிஸ் பிரிட்டோ தமிழை மையமாக வைத்து ஒரு முழு நூலே தந்தார். இந்த நிலை அழியாத நிலை அன்று. கிரேக்க நாடு 1976-இல் உயர்வழக்கைக் கைவிட்டு மக்கள் வழக்கை அரசு மொழியாக்கியது. தமிழில் சிறுகதையும் திரைப்படமும் அலைபேசிக் குறுஞ்செய்தியும் பேச்சு வழக்கை எழுத்துக்குள் கொண்டுவந்துவிட்டன. பாடநூலும் செய்தி வாசிப்பும் இன்னும் அசையவில்லை.

இடத்தால் மட்டுமன்றிக் குழுவாலும் மொழி வேறுபடும். வரதராஜப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த வைணவ வீடுகளில் சமையல் தளிகை ஆகும், ரசம் சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது. இறைவனுக்குப் படைப்பது என்னும் எண்ணம் அடுக்களைச் சொற்கள் முழுவதையும் மாற்றியமைத்திருக்கிறது. தொழிற்குழுக்களின் சொற்களைத் தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்று பெயரிட்டுத் தனியே வைத்தது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது அதற்குரிய பழைய உதாரணம். நெசவாளரின் பெட்னி அத்தகைய தொழிற்சொல்: உடலின் பாவு இழைகளோடு முந்தியின் வேறு நிறப் பாவு இழைகளைப் பிணைக்கும் முறை அது. ஏ.கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் 1960-களில் தென்னிந்தியச் சாதிக் கிளைவழக்குகளை ஒப்பிட்டு, படித்த மேல்தட்டு வழக்குகளும் மற்றவையும் வேறு வேறு வழிகளில் மாறுகின்றன என்று எழுதினார்கள். எந்த வழக்கும் அமைப்பற்றதன்று என்பது அத்தகைய ஆய்வுகளின் அடித்தளம். ஒரு வழக்குக்கு மதிப்பும் இன்னொன்றுக்கு இழிவும் கிடைப்பது பேசுவோரின் சமூக இடத்தால்; ஒலியிலோ இலக்கணத்திலோ உள்ள குறையால் அன்று. இதை மாணவர் ஐயமின்றி உணர வேண்டும். ஒருவருடைய பேச்சைக் கேட்டுச் சிரிப்பது அவருடைய வீட்டைப் பார்த்துச் சிரிப்பதாகும்.

காஞ்சியின் நெசவுத் தெருக்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக வாழ்ந்து வந்திருக்கின்றன. வரலாற்று மொழியியலுக்கு இது பெரும் வாய்ப்பு. தமிழ் நெசவாளரின் நெய், தெலுங்கில் நேயு, கன்னடத்தில் நேய். மூன்றும் ஒரே மூலத்தின் கிளைகள். தமிழில் தறி என்பதோ தெலுங்கில் வேறு சொல். தமிழ் எழுத்தில் அதை ‘மக்கம்’ என்று எழுதலாம், ஆனால் ‘க்க’ என்னும் இரட்டை தமிழருக்கு வல்லொலியாகவே படும், தெலுங்கர் சொல்வதோ இரட்டித்த அதிர்வொலி. பாவும் ஊடையும் தெலுங்கில் படுகும் பேகயும். கன்னடத்தில் ஹாசும் ஹொக்கும். ஹாசு பரப்புதல் என்னும் பொருளிலிருந்து வந்தது, தமிழின் பாவைப் போலவே. ஹொக்கு என்பது நுழைதல். தமிழ்ப் ‘புகு’வின் உறவு.

புகுவுக்கும் ஹொக்குக்கும் உறவு சொல்வது காதுக்கு இனிமையாக இருப்பதால் அன்று. பால், பல், பத்து, பூ என்பவற்றுக்குக் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹூவு. தெலுங்கில் பாலு, பல்லு, பதி, பூவு. தமிழும் தெலுங்கும் சொல்முதலில் பகரம் கொள்ளும் இடத்தில் கன்னடம் ஒழுங்காக ஹகரம் கொள்கிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அங்கேயும் பகரமே இருந்தது. ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டு முதல் அது ஹகரமாகத் தொடங்கியது. ஒன்றிரண்டு சொற்கள் ஒலியால் ஒத்திருப்பது தற்செயலாகவோ கடனாகவோ இருக்கலாம். சொல்லுக்குச் சொல் ஒரே ஒழுங்கில் ஒலி பொருந்தி வருவது இனவுறவுக்கே சான்று. ஜரிகைக்கும் பொன்னைக் குறிக்கும் பாரசீக ‘ஜர்’ என்னும் சொல்லுக்கும் உள்ள தொடர்பு கடன்; அந்தச் சொல்லின் முதல் ஒலி தமிழில் இல்லாததால் ஜகரமாகி, தூய வடிவம் வேண்டுவோர் கையில் சரிகை ஆயிற்று. ஜக்கார்டு என்பது பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டின் பெயர். 1804-இல் அவர் அமைத்த தறிப்பொறி அவர் பெயரைத் தமிழ்ச் சொல்லாக்கிவிட்டது.

தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக்குடும்பம் என்னும் உண்மை அச்சில் முதலில் வந்தது 1816-இல். சென்னைக் கோட்டைக் கல்லூரியில் இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், காம்ப்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை வரிசையாக நிறுத்தி, அவை வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று காட்டினார். அந்த வேலைக்கு அடியில் கல்லூரியின் தெலுங்குப் புலவர் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த வேர்ப்பட்டியல் இருந்தது. கால்டுவெல்லின் பெருநூல் நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது. தாமஸ் பர்ரோவும் மரே எமனோவும் 1961-இல் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டு, 1984-இல் விரிவாக்கினார்கள். தமிழில் இத்துறைக்கு வழி சொன்னவர்களுள் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும், ‘மொழி நூல்’, ‘மொழி வரலாறு’ ஆகியவற்றை மாணவர்க்கென எழுதிய மு. வரதராசனும் முதன்மையானவர்கள்.

ஒன்று மட்டும் நெடுநாள் குறையாக நின்றது. ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்காய்வு 1894-இல் தொடங்கி 1928-இல் நிறைவுற்றபோது, சென்னை மாகாணம் அதன் நேரடிக் களத்துக்கு வெளியே இருந்தது. வட இந்தியச் சிற்றூர்களின் பேச்சு மாதிரிகள் அச்சேறிய அளவுக்கு அக்காலக் காஞ்சி வட்டாரப் பேச்சு அதில் பதிவாகவில்லை. பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1969-இல் மைசூரில் அமைந்த இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் கிளைமொழி ஆய்வை வளர்த்தன. எனினும் தொழில் வாரியாகச் செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. தறிகள் குறையும்போது தறிச்சொற்களும் அவற்றோடு போகின்றன.

காஞ்சியை அடுத்த ஏனாத்தூரில் பயிலும் மாணவருக்கு இந்தக் களம் பேருந்தில் சில நிமிடத் தொலைவு. ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும். தறிப்பள்ளத்தில் அமர்ந்திருப்பவரின் இசைவு முதலில் வேண்டும், எதற்காகப் பதிவு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘இதற்கு என்ன சொல்வீர்கள்?’ என்று நேரே கேட்டால் படித்தவர் முன் பேசும் திருத்திய சொல்லே வரும். பாவு ஏற்றுவது முதல் புடவையை அறுத்து எடுப்பதுவரை வேலையை அவர் போக்கில் சொல்லச் சொன்னால், சொற்கள் தம் இயல்பான ஒலியோடும் விகுதியோடும் வந்து விழும். ஒரே வேலையைத் தந்தையும் மகளும், தமிழ் வீட்டாரும் தெலுங்கு வீட்டாரும் தனித்தனியே விவரிக்கக் கேட்டால் ஒப்பீட்டுக்கு வழி கிடைக்கும். கேட்டபடி ஒலிக்குறியீட்டில் எழுதிய பிறகு, கோத்து என்று எத்தனை முறை வந்தது, கோர்த்து என்று எத்தனை முறை வந்தது, யார் வாயில், எந்த வயதில், யாரோடு பேசும்போது என்று எண்ண வேண்டும். இரண்டு வடிவங்களும் ஒரே ஆளிடம் வந்தால் இரண்டையும் எழுத வேண்டும்.